மூடி வந்த தேவதாருப் பெட்டி

மணி பன்னிரண்டு.

ராத்திரிப் பன்னிரண்டு இல்லை. பகல். சிரிக்க வேண்டாம்... பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நம்புகிறவர்கள் கத்திரி வெயிலில் தனியாக நடந்து பார்க்காதவர்கள். ராத்திரி என்றால் நாய் விழித்திருக்கும். ஆந்தை இருக்கும். ரெண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு எவனாவது பாடிக்கொண்டே வருவான். உச்சி வேளையில் யார் இருக்கிறார்கள்? காக்கைகூட வாயைப் பொத்திக்கொள்ளும். மனிதனுக்கு நிழல் கிடையாது. காலடியில் கையகலத்துக்கு ஒட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். நிழலே விழாத நேரத்தில் நாம் எது, அது எது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பெரிய ரோட்டில், கூட்டேரிப்பட்டைத் தாண்டி, விக்கிரவாண்டிக்கு முன்னால் கிழக்கே ஒரு வண்டிப்பாதை பிரியும். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் விடிந்ததும் உங்களில் ரெண்டு பேர் பஸ் ஏறிவிடுவீர்கள். பாதையின் ஒரு கோடியில் ஊர், மாதா கோயில். மறு கோடியில் கல்லறைத் தோட்டம். நடுவில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி மொட்டையாய்க் கிடக்கிற கொல்லைகள். மரம் என்று பார்த்தால் நாலைந்து பனை. தனக்கே நிழல் வைத்துக்கொள்ளாத மரம் அது, நமக்கு எங்கே கொடுக்கப்போகிறது?

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கத்திரி. அந்தச் சூட்டை என்னவென்று சொல்ல! பெரிய ரோட்டுத் தாரில் கால் ஒட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டியைச் சாயங்காலம் மண்வெட்டி கொண்டுவந்துதான் பெயர்த்தார்கள். பனையில் கட்டிய கலயத்தில் பதநீர் மரத்திலேயே கொதித்து வெல்லமாகிவிட்டது. ஏறினவன் கருப்பட்டியோடு இறங்கினான். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்தான். ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. என் சிநேகிதன் முத்துசாமியின் பெரியப்பா மகன் சின்னக்கண்ணுக்கு நடந்தது இது.

சின்னக்கண்ணு அந்தப் பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து ஊரைப் பார்த்து. தனியாக. வண்டியில் ஒரு சவப்பெட்டி.

காலிப் பெட்டி.

ஊருக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரே பெட்டிதான். ஆளுக்கொரு பெட்டி அடிக்க அந்த ஊரில் யாருக்கு வசதி? செத்தவரை அதில் கிடத்தி வண்டியில் கொண்டுபோவார்கள். குழியருகில் இறக்கி, பாயோடு சுருட்டி மண்ணில் வைப்பார்கள். பெட்டி திரும்பிக் கோயிலுக்கு வந்துவிடும். மீசைக்காரர்கள், சண்டைக்காரிகள், நண்டு பிடித்துத் திரிந்த பிள்ளைகள்... எல்லாரும் அதில் படுத்துத்தான் போனார்கள். கல்லறைக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தது அந்த ஊரில் அது ஒன்றுதான்.

மரம் தேவதாரு. இமயமலைப் பக்கத்து மரம். விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்த ஒரு பக்தர், வடக்கேயிருந்து வந்து யார்டில் கிடந்த கட்டைகளை ஏலத்தில் எடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தாராம். அதைச் செதுக்கின தச்சன் வீட்டுக்குப் போனபோது, அவன் வேட்டியில் ஒட்டியிருந்த வாசத்துக்கே மூட்டைப்பூச்சிகள் குடும்பம் குடும்பமாய் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டன என்று பேச்சு. கரையான் அண்டாது. செல் அரிக்காது. பிண நாற்றம் அதில் தங்காது. திறந்தால் பென்சில் சீவும்போது வருமே... அந்த மாதிரி ஒரு வாசனை, கொஞ்சம் காரமாக, கொஞ்சம் இனிப்பாக.

அந்தப் பெட்டிக்கு ரெண்டு கட்டுப்பாடு உண்டு. திரும்பி வரும்போது மூடியைக் கழற்றிப் பக்கத்தில் போட்டு, திறந்த பெட்டியாகத்தான் கொண்டுவர வேண்டும். நடுவில் எந்த வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் ஒன்றுதான் சொல்வார்கள். மூடியிருந்தால் உள்ளே ஆள் இருப்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளுமாம்.

குழி மூடினதும் ஜனமெல்லாம் ஏரிக்குத் தலைமுழுகப் போய்விடும். பெட்டியோடு வருகிறவன் வண்டிக்காரன் மட்டும். அன்றைக்கு ஒரு வயசாளியை அடக்கம் செய்துவிட்டுச் சின்னக்கண்ணு வந்துகொண்டிருந்தான். ஆனால் அவன் நினைப்பு அந்த வயசாளியிடம் இல்லை. வீட்டில் கிடந்தது.

அவன் பெண்சாதி சவுரியம்மாள் தலைப்பிள்ளை பெற்றிருந்தாள். ஆண் குழந்தை, கறுகறுவென்று நாவற்பழம் மாதிரி. பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்கு ஜன்னி கண்டுவிட்டது. அந்த வெயிலில், ஓலை வீட்டுக்குள், ரெண்டு கம்பளியும் ஒரு கோணியும் போர்த்தி... அப்படியும் நடுக்கம். பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். டக டக டக... டக. கொஞ்சம் நிற்கும். மறுபடி டக டக டக. இரவெல்லாம் அவள் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சின்னக்கண்ணு. விரல் வழியாக அந்தச் சத்தம் அவன் எலும்புக்குள் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று மருத்துவச்சி வீரம்மாளைக் கேட்டான். வீரம்மாள் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"இந்த ஒடம்ப வண்டில போட்டு ஆட்டிக்கினு போனீனா, திண்டிவனம் போவாதுடா. நேரா அங்கதான் போவும்."

மோவாயால் கல்லறைப் பக்கம் காட்டினாள்.

"அப்ப இன்னாதான்க்கா பண்றது?"

"கஷாயம் வைக்கிறேன். சுக்கு, திப்பிலி, சித்தரத்த எல்லாம் எங்கிட்டயே இருக்குது. தேவதாருக் கட்ட மட்டும் இல்ல. அது இல்லாம கஷாயம் வச்சா அது வெறும் ரசம்டா. பொழுது சாயறதுக்குள்ள கொண்டா. இன்னொரு ராத்திரி இவ தாங்க மாட்டா."

விடிந்தும் விடியாமலும் திண்டிவனத்துக்கு ஓடினான். நாட்டு மருந்துக் கடை கிருஷ்ணசாமி கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றான்.

"தேவதாரு தீந்து போச்சேப்பா. மெட்ராஸ்லேர்ந்து மூட்ட வர வெள்ளிக்கிழம ஆவும்."

"விழுப்புரத்துல கெடைக்குங்களா?"

"எங்களுக்கெல்லாம் ஒரே லாரிதான். அங்கயும் டப்பா காலியாத்தான் இருக்கும்." கிருஷ்ணசாமிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். "அது பொல்லாத மரம்பா. மாட்டுச் சொறிக்கு அந்த எண்ணெ. பட்டுப் பொடவ வைக்க அந்தப் பலக. சாமிக்குப் பொக. செத்தவனுக்குப் பொட்டியும் அதுலதான், பெத்தவளுக்குக் கஷாயமும் அதுலதான். எல்லாத்துக்கும் கேப்பான், எவனுக்கு எவ்ளோன்னு நான் நிறுக்கறது..."

சின்னக்கண்ணு வெறுங்கையோடு திரும்பினான். ஊருக்குள் நுழையும்போதே சாவு மணி. வண்டியைக் கட்டச் சொல்லி ஆள் நின்றது. பிணம் வெயிலில் காத்திருக்காது. சரி, போட்டுவிட்டு வருவோம் என்று போனான்.

திரும்பி வரும்போதுதான், அந்த உச்சி வெயிலில், பெட்டி காய்ந்து காய்ந்து எண்ணெய் கக்கி... குப்பென்று அந்த வாசனை.

வண்டியை நிறுத்திவிட்டான்.

'செத்தவனுக்குப் பொட்டியும் அதுலதான், பெத்தவளுக்குக் கஷாயமும் அதுலதான்.'

கண்ணெதிரில் ஆறடி நீளத்துக்குத் தேவதாரு கிடக்கிறது. இவன் கட்டை இல்லையென்று திண்டிவனம் வரைக்கும் போய் அலைந்திருக்கிறான்! சுற்றிப் பார்த்தான். ஆள் இல்லை. அரிவாளை எடுத்தான். வெளிப்பக்கம் வெட்டினால் தெரியும். உள்ளே குனிந்து, தலைமாட்டுப் பலகையில், சதக் சதக்கென்று ரெண்டு வெட்டு. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிராய் பெயர்ந்து வந்தது. மடியில் கட்டிக்கொண்டான். மனசு குளிர்ந்துவிட்டது. பிழைத்துக்கொள்வாள்!

நிமிர்ந்து பார்த்தால்... பழைய பலகை கறுப்பு. வெட்டின இடம் மட்டும் பச்சைக் காயம் மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பளிச்சென்று நின்றது. கோயிலில் உபதேசியார் சவுரிராயன் பெட்டியை வாங்கி வைப்பார். பாதிரியார் மாசத்துக்கு ஒரு தடவை வந்துபோகிற ஊர். மற்ற நாளெல்லாம் அவர்தான் எல்லாம். கோயில் மெழுகுவர்த்தியில் எலி கடித்த இடத்தைக்கூட அளந்து வைத்திருக்கிற மனுஷர். பெட்டியைத் திறந்தபடி கொண்டுபோனால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

சின்னக்கண்ணு யோசிக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த மூடியைத் தூக்கிப் பெட்டியின்மேல் போட்டான். பொருந்தி உட்கார்ந்தது. கட்டுப்பாடு ஞாபகம் வந்தது. ஊர் எல்லையில் கழற்றிவிட்டால் போகிறது என்று தள்ளிவிட்டான்.

"ட்ரியோ... ஹேய்!" என்று மாட்டைத் தட்டினான்.

வண்டி நகரவில்லை.

மறுபடி தட்டினான். மாடு ரெண்டும் முக்கின. கழுத்து புடைத்தது. நுகத்தடி கிறீச்சிட்டது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது... நின்றது. திரும்பிப் பார்த்தான். பாதையில் சக்கரத் தடம் விழுந்திருந்தது. கரும்பு பாரம் ஏற்றிப் போகிற வண்டிக்கு விழுமே, அந்த ஆழத்துக்கு. அதற்குப் பின்னால், அவன் நிறுத்தின இடம் வரைக்கும், தடம் கீறல் மாதிரி மேலாகத்தான் இருந்தது.

காற்று இல்லை. பனை ஓலைகூடச் சலசலக்கவில்லை. அந்த அமைதியில்...

டக டக டக... டக.

சின்னக்கண்ணு மூச்சைப் பிடித்தான். நின்றது. விட்டான்.

டக டக டக. டக டக...

பெட்டிக்குள்ளிருந்து.

மரம் வெயிலில் வெடிக்கிற சத்தம் என்று நினைக்கப் பார்த்தான். முடியவில்லை. ராத்திரியெல்லாம் விரலில் பிடித்திருந்த சத்தம் அது. அந்த இடைவெளியும், அந்த அவசரமும், கடைசியில் தனியாக விழுகிற அந்த ஒரு 'டக'கும்... அவனுக்குத் தெரியாதா? ஊரே வெந்துகொண்டிருக்கிற நேரத்தில், மூடின பெட்டிக்குள் யாருக்கோ குளிர்கிறது.

மூடியில் கையை வைத்தான். அந்த வெயிலில் காய்ந்த பலகை தோசைக்கல் மாதிரி சுட வேண்டாமா? சில்லென்று இருந்தது. கிணற்றுக்குள் கிடந்த கல் மாதிரி. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். திறக்கத் துணிச்சல் வரவில்லை. அவனை நாம் குறை சொல்லக் கூடாது. இங்கே இத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம், பின்னால் திரும்பிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

மாடு ரெண்டும் தாமாகவே திரும்பப் பார்த்தன. கல்லறைப் பக்கம். சின்னக்கண்ணு கீழே குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான். வாயில் சேசு மரி சூசை ஜெபம். மடியில் கட்டை. பொழுது சாய்வதற்குள் கஷாயம் இறங்க வேண்டும். பின்னாலிருந்து டக டக டக. கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஊர் வந்ததும் மூடியைக் கழற்றிவிடுவோம் என்று நினைத்திருந்தவன், ஊர் வந்தபோது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கோயிலுக்குப் போகிற வழியில்தான் அவன் வீடு. கட்டையை வீரம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாகப் போய்விடலாம் என்று வாசலில் வண்டியை நிறுத்தினான். ரெண்டாவது கட்டுப்பாடும் போயிற்று.

உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். கம்பளிகள் மூலையில் மடித்துக் கிடந்தன. கேப்பைக் கூழைச் சட்டியோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். வீரம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

"வாடா வாடா! ஒம் பொண்டாட்டிய பாரு, ரெண்டாவது சட்டி குடிக்கிறா! உச்சிக்கு ஒரு உதறு உதறினா பாரு, தூக்கிவாரிப் போட்டுது. செத்தாடான்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து, பசிக்குதுங்கறா! நானும் எத்தினி பிரசவம் பாத்துட்டேன், இப்படி ஒரு அதிசயத்த..."

சின்னக்கண்ணு சிரித்தான். அழுதான். ரெண்டையும் சேர்த்துச் செய்தான். அவள் நெற்றியைத் தொட்டான். சூடு இல்லை. தாடையைத் தொட்டான். அசையாமல் இருந்தது.

"இன்னா மாமா அப்பிடிப் பாக்கற?" என்றாள்.

அவள் குரல்தான். அவள் முகம்தான். மேல் உதட்டில் கூழ் ஒட்டியிருந்தது.

குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. சவுரியம்மாள் எடுத்து மார்பில் வைத்தாள். குழந்தை உடம்பை வில்லாய் வளைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் வைத்தாள். கத்திக் கத்தி நீலமாகிற மட்டும் கத்தியது; வாயை வைக்கவில்லை.

"ரெண்டு நாளா பால் குடுக்கல இல்ல, மறந்துட்டுது கழுத," என்றாள் வீரம்மாள்.

அப்போதுதான் வாசலில் நாய் ஊளையிட்டது. அடிபட்ட நாய் மாதிரி, ஒரே ஒரு தடவை. சின்னக்கண்ணு வெளியே வந்தான்.

நாய் வண்டியைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் டக டக டக. வண்டிப் பலகையின் இடுக்கிலிருந்து சொட்டு ஒன்று மண்ணில் விழுந்தது. இன்னொன்று. புழுதியில் சின்னச் சின்னதாய்க் குழி விழுந்து, அதில் உருண்டு நின்றது.

வெள்ளையாக.

சின்னக்கண்ணு குனிந்து விரலால் தொட்டான். முகர்ந்தான். வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம்... பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

உள்ளே குழந்தையின் அழுகை ஏறியது. சொட்டு வேகமாக விழுந்தது. அழுகை தணிந்தது. சொட்டு நின்றது. மறுபடி அழுதது. மறுபடி.

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய்! யாருடா பொட்டிய மூடிக்கினு வந்தது? வூட்டு வாசல்ல நிறுத்தி வச்சிருக்கான் பாரு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி!" உபதேசியார் சவுரிராயன் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். கிட்டே வந்தார். சத்தம் அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

"உள்ள யார்றா?"

"யாரும் இல்லீங்க ஐயா. எறக்கிட்டு காலியாத்தான் வந்தேன்."

"பின்ன இது இன்னா?"

சின்னக்கண்ணு மடியிலிருந்த சிராயைப் பிடித்துக்கொண்டான். சவுரிராயன் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"தெறடா. இன்னான்னு பாத்துடுவோம். தெற."

சின்னக்கண்ணு எழுந்தான். மூடியின் விளிம்பில் ரெண்டு கையையும் கொடுத்தான். சில்லிப்பு தோள் வரைக்கும் ஏறியது. ஒரு விரற்கடை தூக்கினான். உள்ளேயிருந்து அந்தப் பென்சில் வாசனை. அதோடு... மஞ்சள், விளக்கெண்ணெய், வேர்வை. ராத்திரியெல்லாம் அவன் மடியில் கிடந்த தலையின் வாசனை.

"தெறக்காத மாமா."

நிலைப்படியில் சவுரியம்மாள் நின்றாள். இடுப்பில் குழந்தை. வாசலில் என்ன நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வீரம்மாளுக்கே தெரியாது.

"தெறந்தீனா ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்," என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. கூழில் உப்புக் குறைச்சல் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "எது நிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒன்னிஷ்டம்."

சின்னக்கண்ணு அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி எழுந்து நிற்கிறாள். பசிக்கிறது என்கிறாள். வீரம்மாள் பார்த்துவிட்டாள். இன்னொருத்தி, அது ஒருத்திதான் என்றால், இருட்டுக்குள் கிடந்து நடுங்குகிறாள். தூக்கி வெளியே வைத்தாலும் பொழுது சாயும் வரைக்கும் தாங்குவாளோ மாட்டாளோ. நடுங்குகிறவளை எடுக்கப்போய் நிற்கிறவளையும் விட்டுவிட்டால்? பிள்ளைக்கு யார்?

உள்ளே சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

சின்னக்கண்ணு மூடியைக் கீழே விட்டான். அழுத்தினான்.

மறுபடி டக டக டக. முன்னைவிட வேகமாக.

வண்டியைத் திருப்பினான். மாடுகளை ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. வரும்போது செத்துச் செத்து இழுத்தவை, போகும்போது பந்தய மாடு மாதிரி ஓடின. சவுரிராயன் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஓடினார். அருள் நிறை மந்திரம் அவருக்குப் பாதியில் மறந்து மறந்து போயிற்று. யார் கண்ணிலும் படாமல், பொழுது சாய்வதற்குள் ரெண்டு பேருமாகக் குழி வெட்டினார்கள். பெட்டியைப் பெட்டியாகவே இறக்கினார்கள். மடியில் கை பட்டபோதுதான் சின்னக்கண்ணுக்கு அந்தச் சிராய் ஞாபகம் வந்தது. அவளுக்கென்று வெட்டின மருந்து. அவிழ்த்து மூடியின் மேலேயே வைத்தான். மண்ணைத் தள்ளினான்.

முழங்கால் ஆழத்துக்கு மண் விழுந்தபிறகும் சத்தம் கேட்டது. இடுப்பளவுக்குப் பிறகு கேட்கவில்லை. நின்றதா, மண் மறைத்ததா... அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

பெட்டி எங்கே என்று ஊர் கேட்டது. கரையான் அரித்துவிட்டது, எரித்துவிட்டோம் என்றார் சவுரிராயன். தேவதாருவைக் கரையான் தின்றது என்று சொன்ன ஒரே மனுஷர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். யாரும் மேலே கேட்கவில்லை. மாம்பலகையில் வேறொரு பெட்டி அடித்தார்கள்.

சவுரியம்மாள் நன்றாக இருந்தாள். அப்படி ஒரு ஆரோக்கியத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. ஊரே விஷக் காய்ச்சலில் படுத்தபோதுகூட அவளுக்கு ஒரு தும்மல் கிடையாது. நடவுக்குப் போனாள், களை எடுத்தாள், ரெண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒற்றையாய்த் தூக்கினாள். புருஷனிடம் பிரியமாகவும் இருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் சின்னக்கண்ணுவைத் தூங்கவிடவில்லை.

பையன் மட்டும் அவள் பாலைத் தொடவே இல்லை. ஆட்டுப்பாலில் வளர்ந்தான். அவனிடம் அந்த விஷயத்தை யாரும் மூச்சு விடவில்லை. அவளை விட்டால் தெரிந்தவர்களே ரெண்டு பேர்தான். அதில் சவுரிராயன் மறு வருஷமே மாம்பலகைப் பெட்டியில் போய்விட்டார். பையனைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனதும் இல்லை.

அவனுக்கு நாலு வயசு முடிந்து ஐந்து நடந்த வருஷம். மறுபடி கத்திரி. சோற்றுக்கு அப்புறம் ஊரே சுருண்டு கிடந்த நேரத்தில் பையனைக் காணோம். சின்னக்கண்ணு தேடிக்கொண்டு போனான். புழுதியில் சின்னக் காலடி, அதையொட்டி எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். வண்டிப்பாதையிலேயே நேராக... கல்லறைத் தோட்டம் வரைக்கும்.

சிலுவை இல்லாத அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பையன் மண்டியிட்டிருந்தான். வீட்டிலிருந்த கோணியை இழுத்துவந்து மேட்டின்மேல் விரித்திருந்தான். ஓரமெல்லாம் செருகிவிட்டுக்கொண்டிருந்தான். தூங்குகிறவர்களுக்குப் போர்த்திவிடுகிற மாதிரி.

"இன்னாடா பண்ற இங்க?"

"குளுருதாம்."

"யாருக்குடா?"

இது தெரியாதா என்கிற மாதிரி பையன் அப்பனைப் பார்த்தான்.

சின்னக்கண்ணு குனிந்து கோணியை இழுக்கப் போனான். கை பட்டதும் நின்றுவிட்டான். கோணி நனைந்திருந்தது. தலைக்கு மேல் சூரியன் கொதிக்க, மார்கழி விடியலில் வைக்கோற்போர்மேல் கிடந்ததுபோல் பனியில் ஊறிச் சில்லென்று...

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். உதறினான். கோணியின்மேல் விரித்தான். நாலு பக்கமும் செருகிவிட்டான்.

பையன் குப்புறப் படுத்து மேட்டில் காதை வைத்தான். வெகு நேரம் கேட்டான். தலையைத் தூக்கி அப்பனைப் பார்த்தான்.

"இன்னும் நிக்கலப்பா," என்றான்.

சின்னக்கண்ணு சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.